பாஸ் சொன்னவரும் பேசியிருக்கிறார்: பிரிட்ஜ் கேள்வி–பதில்

இம்மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டு இடங்களைப் பற்றியே கேட்கின்றன. இரு தரப்பும் ஏலத்தில் மோதும்போது எங்கே நிறுத்துவது என்பது ஒன்று. தடுப்பாட்டத்தில் எந்தச் சீட்டைப் போடுவது என்பது மற்றொன்று. ஏலத்தில் மற்ற மூவரும் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் கடைசிச் சீட்டு வரை ஞாபகத்தில் வைத்திருப்பவருக்கு இவ்விரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் உறுதியான கருத்து. புதிய வாசகர்களுக்காக ஒரு குறிப்பு: நால்வரும் ஒவ்வொரு சீட்டாகப் போட்டு ஒருவர் அள்ளுவதைப் ‘பிடி’ என்றும், துருப்பால் (ஏலத்தில் மற்ற இனங்களுக்கு மேலாக வைக்கப்பட்ட இனத்தால்) அடிப்பதை ‘வெட்டு’ என்றும் எழுதுகிறேன். ‘நான்கு ஸ்பேட்’ என்ற ஏலம், ஸ்பேட்டைத் துருப்பாக்கி ஆறோடு நான்கு சேர்த்துப் பத்துப் பிடி எடுப்போம் என்ற வாக்கு. ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 என்று கையின் வலிமையை எண்ணுகிறோம். ஆக, கட்டு முழுவதிலும் 40 புள்ளிகள் உள்ளன.

கேள்வி: அணிப் போட்டியில், இரு தரப்பும் வல்னரபிள் (வெற்றிக்கும் தோல்விக்கும் மதிப்பு கூடும் நிலை) இல்லாதபோது, என் பார்ட்னர் ஒரு ஸ்பேட் என்று தொடங்கினார். வலப்பக்கத்தவர் இரண்டு ஹார்ட் கேட்டார். என் கையில் ஸ்பேட் ஜாக், 9, 7, 5, 3, ஹார்ட் 6, டைமண்ட் ராணி, 8, 4, கிளாவர் ஜாக், 9, 7, 2. நான் நேரே நான்கு ஸ்பேட்டுக்குத் தாவினேன். இடப்பக்கத்தவர் ஐந்து ஹார்ட் சொல்ல, பார்ட்னரும் அடுத்தவரும் பாஸ் சொன்னார்கள். நான் ஐந்து ஸ்பேட் கேட்டு, டபுள் (மதிப்பைப் பெருக்க எதிரணி சொல்வது) வாங்கி, இரண்டு பிடி குறைந்து 300 இழந்தேன். இதே சீட்டுகள் ஆடப்பட்ட மற்ற மேசையில், எதிர்ப்பக்கம் அமர்ந்து அதே ஐந்து ஹார்ட்டை ஆடிய எங்கள் அணியினர் ஒரு பிடியில் தோற்றார்கள். என் முடிவு அவ்வளவு தவறா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: முதல் முடிவு அருமையானது, இரண்டாவது முடிவுதான் தவறு. ஐந்து ஸ்பேட்களும் ஒற்றை ஹார்ட்டும் நான்கே புள்ளிகளும் வைத்துக்கொண்டு ஒரே தாவலில் நான்கு ஸ்பேட் சொன்னபோது, உங்கள் கையைப் பற்றிப் பார்ட்னரிடம் சொல்ல வேண்டிய அனைத்தையும் சொல்லி முடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு உங்கள் கை பார்ட்னருக்குத் தெரியும், அவர் கை உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஐந்தாம் படியில் முடிவெடுக்க வேண்டியவர் அவரே. அவர் பாஸ் சொன்னபோது ஒரு முடிவைச் சொல்லியிருந்தார். அதை நீங்கள் கேள்வியாக எடுத்துக்கொண்டீர்கள்.

இதைக் கணக்காகவும் பார்க்கலாம். பிரான்சு நாட்டு ழான்-ரெனே வெர்ன் 1960-களில் எழுத்தில் வைத்து, பின்னர் அமெரிக்க ஆட்டக்காரர் லாரி கோஹன் பரவலாக்கிய ‘மொத்தப் பிடி விதி’ ஒன்று உண்டு. இரு தரப்பும் தத்தம் சிறந்த துருப்பில் ஆடினால் எடுக்கக்கூடிய பிடிகளின் கூட்டுத்தொகை, இரு தரப்பிடமும் உள்ள துருப்புச் சீட்டுகளின் கூட்டுத்தொகைக்கு ஏறத்தாழச் சமமாக இருக்கும் என்பது அதன் சாரம். உங்கள் தரப்பில் பத்து ஸ்பேட்கள் உண்டு. உங்களிடம் ஒரு ஹார்ட்டும் பார்ட்னரிடம் இரண்டோ மூன்றோ இருக்கலாம் என்பதால் எதிரணியிடம் ஒன்பது அல்லது பத்து ஹார்ட்கள் இருக்கும். எனவே மொத்தம் 19 அல்லது 20 பிடிகள். இனி ஒவ்வொரு நிலையையும் எண்ணுங்கள். ஐந்து ஹார்ட் வெற்றி பெறும் என்றால் அவர்களுக்கு 450. உங்களுக்கு எட்டு அல்லது ஒன்பது பிடிகள், அதாவது டபுளில் 500 அல்லது 300 இழப்பு. ஆக, ஐந்து ஸ்பேட் சொல்வதால் ஒரு நிலையில் 50 நட்டம், மற்றதில் 150 லாபம். ஐந்து ஹார்ட் ஒரு பிடியில் தோற்கும் என்றால் பாஸ் சொல்லிப் பெற்றிருக்க வேண்டிய 50-ஐ விட்டுவிட்டு 100 அல்லது 300 இழக்கிறீர்கள். இரு மேசைகளின் மதிப்பு வித்தியாசத்தைச் சிறு புள்ளிகளாக மாற்றும், அணிப் போட்டியின் ஐ.எம்.பி. அளவுகோலில், நான்கு நிலைகளில் ஒன்றில் மட்டும் 4 கிடைக்கிறது. மற்ற மூன்றில் 2, 4, 8 என்று போகிறது. உங்களுக்கு நேர்ந்தது கடைசி நிலை: 350 வித்தியாசம், 8 ஐ.எம்.பி.

பார்ட்னரின் கை ஸ்பேட் ஏஸ், ராஜா, 10, 6, 2. ஹார்ட் 7, 4, 2. டைமண்ட் ராஜா, 5. கிளாவர் ஏஸ், 8, 4 என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் இருவருக்கும் சேர்ந்து நான்கு ஹார்ட்கள் என்பதால் எதிரணிக்கு ஒன்பது. மொத்தம் 19 என்ற கணக்கு அவர்களுக்குப் பத்து, உங்களுக்கு ஒன்பது என்று அப்படியே விழுந்திருக்கிறது. எப்போதும் இவ்வளவு கச்சிதமாக விழாது. மைக் லாரன்ஸும் ஆண்டர்ஸ் விர்கிரெனும் இவ்விதி அடிக்கடி ஒரு பிடியாவது பிசகும் என்று விரிவாக வாதிட்டிருக்கிறார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆயினும் மேசையில் அரை நிமிடத்தில் முடிவெடுக்க வேண்டியவருக்கு இதைவிட நல்ல கைத்தடி கிடைப்பதில்லை.

எதிரணி மட்டும் வல்னரபிளாக இருந்திருந்தால் கதை மாறும். அவர்களுடைய ஐந்து ஹார்ட் 650 மதிப்புள்ளதாகிவிடும் என்பதால் 300-ஐயோ 500-ஐயோ இழப்பது லாபமாகலாம். அப்போதும் அந்த முடிவு பார்ட்னருடையது. இன்னொன்று: நீங்கள் வலுவான கையுடன் நான்கு ஸ்பேட்டுக்குப் போயிருந்து, ஆட்டம் உங்கள் தரப்புக்கே உரியது என்பது ஏலத்தில் தெளிவாகியிருந்தால், பார்ட்னரின் பாஸ் ‘நீ முடிவு செய்’ என்ற பொருளைத் தரும். எந்த ஏல வரிசையில் பாஸுக்கு இந்தப் பொருள், எதில் இல்லை என்பதைப் பார்ட்னருடன் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

கேள்வி: தெற்கே இருந்தவர் டீலர் (ஏலத்தில் முதலில் பேசுபவர்), பாஸ் சொன்னார். என் பார்ட்னரும் பாஸ். வடக்கு ஒரு ஹார்ட், தெற்கு ஒரு ஸ்பேட், வடக்கு இரண்டு ஸ்பேட், தெற்கு நான்கு ஸ்பேட், நாங்கள் குறுக்கிடவில்லை. பார்ட்னர் டைமண்ட் ராணியை லீட் செய்தார் (முதல் சீட்டாகப் போட்டார்). டம்மியில் (மேசையில் விரிக்கப்பட்ட வடக்கின் கையில்) ஸ்பேட் ராஜா, 8, 6. ஹார்ட் ஏஸ், ராஜா, ராணி, 10, 4. டைமண்ட் 7, 4. கிளாவர் ராணி, 7, 5. கிழக்கே என்னிடம் ஸ்பேட் ஏஸ், 5, 2. ஹார்ட் 9, 6, 3. டைமண்ட் 9, 8, 5, 2. கிளாவர் ராஜா, ஜாக், 3. டிக்ளேரர் (ஏலத்தை வென்று ஆடும் தெற்கு) டைமண்ட் ஏஸால் பிடித்து, கையிலிருந்து ஸ்பேட் ராணியை ஆட, நான் ஏஸால் எடுத்தேன். கிளாவர் ராஜாவின் கீழிருந்து ஆடினால் டிக்ளேரரின் ஏஸுக்கு ஒரு பிடியை வாரிக் கொடுத்துவிடுவோமோ என்று அஞ்சி, பாதுகாப்பாக டைமண்டையே திருப்பினேன். அவர் துருப்புகளை எடுத்துவிட்டு, ஹார்ட்களின் மேல் தன் மூன்று கிளாவர்களையும் கழித்து, பதினொரு பிடி எடுத்தார். வேறு என்ன செய்திருக்க முடியும்? (மதுரை வாசகர்)

பதில்: இம்மாதக் கடிதங்களில் என்னை நெடுநேரம் பிடித்து வைத்தது இதுதான். உங்கள் அச்சம் இயல்பானது. ராஜாவின் கீழிருந்து ஆடாதே என்று நம் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுக்கிறார்கள். ஆனால் இந்த ஆட்டத்தில் கிளாவர் ஏஸ் யாரிடம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொன்னவர் டிக்ளேரரே. அவர் வாய் திறந்து சொன்ன முதல் சொல்லிலேயே சொல்லிவிட்டார்.

பார்ட்னர் டைமண்ட் ராணியை லீட் செய்தால் அவரிடம் ஜாக் உண்டு, ராஜா இல்லை. ராஜாவும் ராணியும் சேர்ந்திருந்தால் ராஜாவை ஆடியிருப்பார். டைமண்ட் ராஜா டம்மியிலும் இல்லை, உங்களிடமும் இல்லை. ஆகவே ஏஸால் பிடித்த டிக்ளேரரிடமே ராஜாவும் இருக்கிறது. அது 7 புள்ளி. ஸ்பேட் ராணியை உங்கள் கண் முன்னே ஆடினார், அத்துடன் 9. கிளாவர் ஏஸும் அவரிடம் இருந்தால் 13. இரண்டு ஏஸ், ஒரு ராஜா, ஒரு ராணி, கூடவே ஐந்து சீட்டு ஸ்பேட் என்ற கையை டீலர் இடத்தில் உட்கார்ந்துகொண்டு பாஸ் சொல்பவர் அநேகமாக யாரும் இல்லை. அவர் பாஸ் சொன்னார். எனவே கிளாவர் ஏஸ் உங்கள் பார்ட்னரிடம் இருந்தே ஆக வேண்டும்.

அடுத்த கேள்வி, அவசரம் உண்டா என்பது. டம்மியின் ஹார்ட்களைப் பாருங்கள். உங்களிடம் மூன்று சிறிய சீட்டுகள். டிக்ளேரருக்கு எதிராக ஹார்ட்டில் எழும்பப் போவது ஒன்றும் இல்லை. துருப்புகள் தீர்ந்ததும் அந்த ஐந்து ஹார்ட்களும் ஓடும், கிளாவர்கள் கழியும். காத்திருந்தால் கிளாவரில் ஒரு பிடிகூடக் கிடைக்காது என்ற நிலையில், பாதுகாப்பான சீட்டு என்று நீங்கள் கருதியதே இருப்பதில் மிகவும் ஆபத்தானது.

கிளாவரில் எந்தச் சீட்டு என்பதும் முக்கியம். ராஜாவை முதலில் ஆடினால், கிளாவர் 10 டிக்ளேரரிடம் இருக்கும் பட்சத்தில் இரண்டு பிடிகளோடு நின்றுவிடும். டம்மியின் ராணியோ அந்தப் 10-ஓ மூன்றாவது சுற்றில் பிழைத்துக்கொள்ளும். 3-ஐ ஆட வேண்டும். பார்ட்னர் ஏஸால் எடுத்து, டம்மியின் ராணிக்கு முன்னால் மீண்டும் கிளாவர் ஆடுவார். உங்கள் ராஜாவும் ஜாக்கும் அந்த ராணிக்குப் பின்னால் காத்திருக்கின்றன. பார்ட்னரின் கையில் கிளாவர் ஏஸ், 10, 9, 2 இருந்தன என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் ஸ்பேட் ஏஸும் மூன்று கிளாவர்களும் சேர்ந்து நான்கு பிடிகள். கான்ட்ராக்ட் (கடைசி ஏலத்தில் கொடுத்த வாக்கு) ஒரு பிடியில் தோற்றிருக்கும்.

இதைப் பழக்கமாக்க ஓர் எளிய வழி உண்டு. டம்மி இறங்கியவுடன் உங்கள் புள்ளிகளையும் டம்மியின் புள்ளிகளையும் கூட்டி 40-இலிருந்து கழியுங்கள். இந்த ஆட்டத்தில் உங்களுக்கு 8, டம்மிக்கு 14, மீதி 18. டிக்ளேரர் தொடக்கத்தில் பாஸ் சொன்னவர் என்பதால் பதினொன்றுக்கு மேல் இருக்காது. பார்ட்னருக்குக் குறைந்தது ஏழு இருக்கும். டம்மியிலிருந்து முதல் சீட்டு விழுவதற்கு முன்பே இவ்வளவு தெரிந்துவிடுகிறது. எதிராளி ஒரு நோ டிரம்ப் (துருப்பு இல்லாத ஆட்டம்) என்று 15 முதல் 17 புள்ளி வரை வாக்குக் கொடுத்துத் தொடங்கியிருந்தால் இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிவிடும்.

கேள்வி: மூன்று நோ டிரம்புக்கு எதிராகப் பார்ட்னர் ஸ்பேட் 6-ஐ லீட் செய்தார். டம்மியில் ராஜா, 8, 3. என்னிடம் ஏஸ், ஜாக், 9. டம்மியிலிருந்து 3 விழுந்தது. மூன்றாம் கை உயர்ந்த சீட்டு என்ற பாடப்படி ஏஸைப் போட்டேன். பார்ட்னர் வருத்தப்பட்டார். ஏன்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நான்காவது பெரிய சீட்டை லீட் செய்வது உங்கள் உடன்பாடு என்றால், பிரிட்ஜின் முன்னோடியான விஸ்ட் ஆட்டக் காலத்தில் ஆர். எஃப். ஃபாஸ்டர் பரப்பிய ‘பதினொன்றின் விதி’ இங்கே உதவும். பதினொன்றிலிருந்து லீட் சீட்டைக் கழியுங்கள்: 11-இல் 6 போக 5. ஆறுக்கு மேற்பட்ட ஸ்பேட்கள் மற்ற மூன்று கைகளிலும் சேர்ந்து ஐந்து மட்டுமே. டம்மியில் ராஜாவும் 8-உம், உங்களிடம் மூன்று. ஐந்தும் கண்ணெதிரே இருக்கின்றன. ஆகவே டிக்ளேரரிடம் ஆறைத் தாண்டும் ஸ்பேட் ஒன்றுமில்லை. உங்கள் 9 தானாகவே பிடித்துவிடும். ஏஸும் ஜாக்கும் டம்மியின் ராஜாவுக்குக் காவலாக நிற்கும். பார்ட்னர் மறுபடி உள்ளே வந்து ராணியை ஆடும்போது ராஜா சாகும். ஏஸைப் போட்டதால் அந்த ராஜாவுக்கு உயிர் கொடுத்தீர்கள்.

கேள்வி: நாங்கள் 304 என்ற சீட்டாட்டம் ஆடி வளர்ந்தவர்கள். இப்போது நண்பர்கள் சிலர் பிரிட்ஜ் பழகுகிறோம். ஏலம் கேட்பது, துரும்பு (துருப்பு) சொல்வது எல்லாம் பழகியதாகத் தோன்றுகிறது. எங்கே தடுமாறுவோம்? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: சீட்டின் மதிப்பில் ஒரு வாரம் தடுமாறுவீர்கள். 304-இல் ஜாக் 30 என்று எல்லாவற்றுக்கும் மேலே நிற்க, ராஜா 3, ராணி 2 என்று கீழே கிடக்கின்றன. பிரிட்ஜில் ஏஸ், ராஜா, ராணி, ஜாக் என்ற வரிசைதான். அது விரைவில் சரியாகிவிடும். நீண்ட நாள் பிடிப்பது வேறொன்று. 304-இல் கேட்டவர் துரும்பைக் கவிழ்த்து வைக்கிறார். மறைப்பது ஆட்டத்தின் சுவை. பிரிட்ஜில் ஏலம் முழுவதும் வெளிச்சத்தில் நடக்கிறது. உங்களுக்கும் பார்ட்னருக்கும் உள்ள ஒவ்வோர் உடன்பாட்டையும் எதிரணிக்குச் சொல்லியாக வேண்டும். வழக்கமில்லாத பொருள் கொண்ட ஏலத்துக்கு ‘அலர்ட்’ செய்ய வேண்டும். கேட்டால் விளக்க வேண்டும். உங்கள் சீட்டுகள் மட்டுமே இரகசியம். 304-இல் எதிராளியின் ஏலத்தைக் கூர்ந்து கேட்டு, துரும்பு எதுவாயிருக்கும் என்று ஊகித்துப் பழகிய காது உங்களுக்கு இருக்கிறது. அது பெரிய சொத்து.

கேள்வி: நான் ஒரு ஹார்ட் என்று தொடங்கினேன். இடப்பக்கத்தவர் நான்கு ஸ்பேட்டுக்குத் தாவினார். என் பார்ட்னர் நெடுநேரம் யோசித்துவிட்டுப் பாஸ் சொன்னார், அடுத்தவரும் பாஸ். நான் ஐந்து ஹார்ட் கேட்டு வென்றேன். எதிரணி டைரக்டரை (போட்டி நடுவரை) அழைத்தது; அவர் எங்கள் வெற்றியை நீக்கி, நான்கு ஸ்பேட்டுக்கு உரிய மதிப்பை அவர்களுக்குக் கொடுத்தார். எங்களை ஏமாற்றுக்காரர்களாக நடத்தியது போல் உணர்ந்தேன். (சென்னை வாசகர்)

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது, ஆனால் அப்படி உணரத் தேவையில்லை. டைரக்டரை அழைப்பது குற்றச்சாட்டு அல்ல. யோசித்த உங்கள் பார்ட்னரும் எந்தத் தவறும் செய்யவில்லை. யோசிப்பதற்குத்தான் இந்த ஆட்டம் இருக்கிறது. ஆனால் அவர் யோசித்ததால் உங்களுக்கு ஒரு செய்தி கிடைத்துவிட்டது: வெறுங்கையாக இருந்தால் உடனே பாஸ் சொல்லியிருப்பார், ஏதோ இருக்கிறது. அந்தச் செய்தி ஏலத்தின் வழியே வந்ததல்ல, கடிகாரத்தின் வழியே வந்தது. ஒரே சீட்டுகளைப் பல மேசைகளில் ஆடும் டூப்ளிகேட் பிரிட்ஜின் 16-ஆம் விதி இதை அனுமதியற்ற தகவல் என்கிறது. உங்களுக்கு நியாயமான இரண்டு வழிகள் இருந்து, பார்ட்னரின் தயக்கம் அவற்றில் ஒன்றை நோக்கிக் கை காட்டினால், அந்த வழியை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது. 73-ஆம் விதி இன்னும் ஒரு படி மேலே சென்று, அத்தகைய தகவலால் பயன் அடைவதைத் தவிர்க்கக் கவனமாக முயல வேண்டும் என்ற பொறுப்பையே உங்கள் மேல் வைக்கிறது.

ஆகவே டைரக்டர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இதே கையை உங்கள் தரத்தில் உள்ள வேறு ஆட்டக்காரர்களிடம் கொடுத்து, பார்ட்னர் தயங்காமல் பாஸ் சொன்னார் என்று வைத்துக்கொண்டால், அவர்களில் சிலராவது பாஸ் சொல்வார்களா? எல்லோருமே ஐந்து ஹார்ட் சொல்லும் கையாக இருந்திருந்தால், உதாரணமாக எட்டு ஹார்ட்களும் ஸ்பேட் இன்மையும் கொண்ட கையாக இருந்திருந்தால், உங்கள் முடிவு நின்றிருக்கும். நீங்கள் அனுப்பிய கையில் ஆறு ஹார்ட்களும் இரண்டு ஸ்பேட்களும் இருந்தன. அதில் பாஸ் சொல்வோர் பலர். டைரக்டரின் தீர்ப்பு சரியானது என்றே நான் நினைக்கிறேன்.

இத்தகைய இடங்களுக்காகவே தாவல் ஏலத்துக்குப் பிறகு அடுத்தவர், கை எப்படி இருந்தாலும், ஏறத்தாழப் பத்து விநாடி பொறுத்துப் பேச வேண்டும் என்ற நடைமுறை பல போட்டிகளில் இருக்கிறது. வெறுங்கைக்காரரும் பத்து விநாடி காத்திருந்தால் நல்ல கைக்காரரின் பத்து விநாடி எதையும் காட்டிக் கொடுக்காது. உயர்மட்டப் போட்டிகளில் பார்ட்னரைப் பார்க்கவே முடியாதபடி மேசையின் குறுக்கே திரை வைக்கிறார்கள். உலகப் பட்டமான பெர்முடா பவுலில் அந்தத் திரை 1975-இல் வந்தது.

கேள்வி: எதிரணி கிளாவரில் தொடங்கி, பிறகு ஸ்பேட்டில் சேர்ந்து, ஆறு ஸ்பேட் ஸ்லாமுக்கு (பன்னிரண்டு பிடி ஏலத்துக்கு) போனது. கிளாவரை முதலில் சொன்னவர் டம்மி. கடைசியில் என் பார்ட்னர் டபுள் சொன்னார். எனக்கு டைமண்ட் ராஜா, ராணி இருந்ததால் ராஜாவை லீட் செய்தேன். டிக்ளேரர் பன்னிரண்டு பிடியும் எடுத்தார். பார்ட்னரிடம் ஹார்ட் ஏஸ் இருந்தது, கிளாவர் ஒன்றுகூட இல்லை. இதை நான் எப்படி அறிந்திருக்க முடியும்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: அந்த டபுளே அதைச் சொன்னது. ஸ்லாமுக்குத் தாமாகவே ஏறிய எதிரணி பெரும்பாலும் தோற்றால் ஒரு பிடியில்தான் தோற்கும். வல்னரபிள் இல்லாதபோது ஒரு பிடித் தோல்வி 50-க்குப் பதிலாக 100 ஆகிறது. அந்த ஐம்பதுக்காக டபுள் சொல்வது வீண். எனவே, 1920-களின் இறுதியில் அமெரிக்கரான தியடோர் லைட்னர் முன்வைத்தபடி, ஸ்லாமுக்கு எதிராக லீட் செய்யாத பார்ட்னர் சொல்லும் டபுளுக்கு ‘வழக்கமான லீட் வேண்டாம்’ என்று பொருள். பெரும்பாலும் டம்மி முதலில் சொன்ன இனத்தை அது கேட்கிறது. கிளாவரை லீட் செய்திருந்தால் பார்ட்னர் வெட்டியிருப்பார். ஹார்ட் ஏஸ் இரண்டாவது பிடி.

மற்ற மேசையில் டபுள் இல்லாமல் 980 எடுக்கப்பட்டது என்கிறீர்கள். உங்கள் மேசையில் டபுளோடு 1210 போனதால் 230 வித்தியாசம், 6 ஐ.எம்.பி. இழப்பு. கிளாவர் லீட் 1080 வித்தியாசத்தைத் தந்திருக்கும். அது 14 ஐ.எம்.பி. லாபம். ஒரே ஒரு சீட்டில் இருபது. டபுள் சொல்பவருக்கும் ஒரு எச்சரிக்கை: விழிப்பான எதிரணி ஆறு நோ டிரம்புக்குத் தப்பி ஓடிவிடலாம். அங்கே வெட்டு கிடையாது. அந்த வாய்ப்பையும் எண்ணிப் பார்த்த பிறகே டபுள் சொல்ல வேண்டும்.

கேள்வி: ஜோடிப் போட்டியில், யாரும் வல்னரபிள் இல்லை. வலப்பக்கத்தவர் ஒரு ஹார்ட், நான் பாஸ், இடப்பக்கத்தவர் இரண்டு ஹார்ட், பார்ட்னரும் தொடங்கியவரும் பாஸ். என்னிடம் ஸ்பேட் ராணி, 10, 8, 5. ஹார்ட் 7, 3. டைமண்ட் ஏஸ், ஜாக், 4. கிளாவர் ராஜா, 8, 6, 2. பத்துப் புள்ளிகளோடு என்ன சொல்ல முடியும் என்று பாஸ் சொன்னேன். 110 இழந்து, ஏறத்தாழக் கடைசி இடம். (திருச்சி வாசகர்)

பதில்: டபுள் சொல்லுங்கள், இங்கே அதற்கு ‘உன் சிறந்த இனத்தைச் சொல்’ என்றே பொருள். இரண்டாம் படியில் துருப்பு சேர்ந்தும் எதிரணி நிறுத்திவிட்டது என்றால் அவர்களிடம் கட்டின் பாதிக்குச் சற்று மேல்தான் இருக்கும். உங்களிடம் பத்து, எனவே பார்ட்னரிடம் எட்டோ ஒன்பதோ உண்டு. அவர் பாஸ் சொன்னது வலிமை இல்லாமையால் அல்ல, வடிவம் இல்லாமையால். நீங்கள் இரண்டு ஸ்பேட்டில் ஒரு பிடி குறைந்து 50 இழந்தாலும் அது 110 இழப்பதைவிட மேல். அவர்கள் மூன்று ஹார்ட்டுக்கு ஏறித் தோற்றால் இன்னும் நல்லது. ஜோடிப் போட்டியில் அளவு முக்கியமல்ல, எத்தனை ஜோடிகளை முந்துகிறோம் என்பதே கணக்கு. நீங்கள் வல்னரபிளாக இருந்தால் மட்டும் எச்சரிக்கை தேவை: 100 தாங்கும், 200 தாங்காது. பார்ட்னருக்கும் ஒரு வார்த்தை: அவருடைய புள்ளிகளையும் சேர்த்தே நீங்கள் பேசியிருக்கிறீர்கள் என்பதால், எதிரணி மூன்று ஹார்ட்டுக்குப் போனால் அவர் மீண்டும் ஏறக் கூடாது.

கேள்வி: எனக்கு 58 வயது. பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு நண்பருடன் போட்டிகளில் இறங்கலாம் என்று எண்ணுகிறேன். காலம் கடந்துவிட்டதா? முதல் போட்டிக்கு முன் என்ன பேசி வைக்க வேண்டும்? (சேலம் வாசகர்)

பதில்: 2018-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுகளில் பிரிட்ஜ் முதன்முறையாக இடம்பெற்றபோது, ஆண்கள் ஜோடிப் பிரிவில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுத் தந்தவர்கள் பிரணாப் பர்தனும் சிப்நாத் தே சர்க்காரும். அப்போது பர்தனுக்கு 60 வயது, சர்க்காருக்கு 56. காலம் கடக்கவில்லை.

நண்பருடன் அமர்ந்து ஏல முறைகளை நூறாகப் பெருக்க வேண்டாம். எதிரணி குறுக்கிட்ட பிறகு சொல்லும் டபுள் எந்தப் படி வரை பார்ட்னரைப் பேச அழைக்கிறது, எந்தப் படியிலிருந்து அபராதத்துக்கு? நம் தரப்பு கேமுக்கு (நான்கு ஸ்பேட் போன்ற, போனஸ் தரும் ஏலத்துக்கு) போன பிறகு எதிரணி ஏறினால் நம் பாஸ் யாரை முடிவெடுக்கச் சொல்கிறது? பார்ட்னரின் லீடில் பெரிய சீட்டு போட்டால் தொடரச் சொல்கிறோமா, நிறுத்தச் சொல்கிறோமா? முதலில் கழிக்கும் சீட்டு எதைக் குறிக்கிறது? இந்த நான்குக்கும் இருவரும் தனித்தனித் தாளில் பதில் எழுதி ஒப்பிட்டுப் பாருங்கள். எவற்றில் பதில் மாறுகிறதோ, முதல் மாதப் பயிற்சியை அவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒப்புக்கொண்டவற்றைப் போட்டியில் எதிரணிக்குக் காட்டும் உடன்பாட்டு அட்டையில் எழுதி, முதல் சுற்றுக்கு முன் இருவரும் ஒருமுறை படித்துவிடுங்கள்.